ரோட்டு மேல் வீடு

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை பார்த்துவிட்டு வருகிறவர்கள் முதலில் மாப்பிள்ளையைப் பற்றிப் பேச மாட்டார்கள். "வூடு ரோட்டு மேலயே இருக்குது" என்றுதான் ஆரம்பிப்பார்கள். பையன் கறுப்பா சிவப்பா, படித்தவனா படிக்காதவனா என்பதெல்லாம் அதற்கப்புறம். ரோட்டு மேல் வீடு என்றால் பஸ்ஸை விட்டு இறங்கினால் வாசல். முன்னால் கடை போடலாம், வாடகைக்கு விடலாம், இடத்துக்கு நாளுக்கு நாள் மவுசு ஏறும். கல்லாவியில் பஸ்ஸை விட்டு இறங்கி, மண் பாதையில் வெயிலோடு நடந்தே காலம் தள்ளிய என் அப்பாவுக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை. அக்காவை ஜூஜுவாடியில் கொடுத்தார். பெங்களூர் ஹைவே மேலேயே வீடு, கூப்பிடு தூரத்தில் கர்நாடகா. கல்யாணம் முடிந்து ஊர் திரும்பியவர் டீக்கடையில் உட்கார்ந்து அதையே பேசினார். "எம்பொண்ணு ஜன்னலத் தொறந்தா பெங்களூர் பஸ்ஸு போறது தெரியும்."

அந்த ஜன்னல் வழியாக உள்ளே என்ன வந்தது என்று பார்க்க அப்பா இல்லை, போய்ச் சேர்ந்துவிட்டார். நல்ல வேளை என்று ஒரு மகள் சொல்லக் கூடாதுதான். எனக்குச் சொல்லத் தோன்றுகிறது.

அக்கா வாழப் போனபோது ரோடு இந்த அகலம் இல்லை. இரண்டு பக்கமும் புளிய மரங்கள் இருந்தன. பிறகு ரோட்டை அகலப்படுத்த வந்தார்கள். மரங்களை வெட்டிச் சாய்த்தார்கள். அக்கா வீட்டின் வாசலும் முன் அறையும் ரோட்டோடு போயின. அப்போதே கிளம்பியிருக்கலாம். பக்கத்தில் நாலு வீட்டுக்காரர்கள் இழப்பீட்டை வாங்கிக்கொண்டு உள்ளே தள்ளி இடம் வாங்கிப் போனார்கள். அவர்களை என் மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், பைத்தியக்காரர்கள் என்றார். "ரோடு நம்மளத் தேடி வாசலுக்கே வந்துருக்குது, இப்பப் போய் வுட்டுட்டுப் போறதா?" என்றார். வந்த பணத்தில் மிச்சமிருந்த வீட்டின் மேல் ஒரு மாடி எழுப்பினார். கீழே பட்டறை, மேலே குடித்தனம்.

மாமாவின் தொழில் டீசல் பம்ப் சர்வீஸ். லாரி இன்ஜினுக்கு டீசலை அளந்து அனுப்புகிற பம்ப்பைக் கழற்றிச் சரி செய்து மாட்டிக் கொடுப்பார். நல்ல கைராசிக்காரர் என்று பெயர். லாரி வாசலில் வந்து நிற்கும்போதே பின்னால் எட்டிப் பார்த்து, கறுப்புப் புகையா, வெள்ளைப் புகையா, நீலம் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு, எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவார். டிரைவர்கள் வாயைப் பிளப்பார்கள். இத்தனை வருடம் ஒவ்வொரு இன்ஜினும் எதைத் துப்புகிறது என்று பார்த்த மனிதர், துப்பியது எங்கே போகிறது என்று ஒரு நாள் அண்ணாந்து பார்க்கவில்லை. நேராக மாடிக்குப் போனது. அங்கே அவர் பெண்டாட்டி சோறு வடித்துக்கொண்டிருந்தாள்.

எல்லை என்பதால் லாரிகள் அங்கே ஓடுவதைவிட நிற்பதுதான் அதிகம். செக்போஸ்ட்டுக்கு நிற்கும். டீசல் அந்தப் பக்கம் விலை குறைவு என்று அத்திப்பள்ளி பெட்ரோல் பங்க்குகளில் நிரப்பிக்கொள்ள ஊர்ந்து போகும். பண்டிகை நாளென்றால் ஓசூரிலிருந்தே நெரிசல். நிற்கிற லாரி எதுவும் இன்ஜினை அணைக்காது, முன்னால் இருப்பவன் ஓரடி நகர்ந்தால் தானும் ஓரடி நகர வேண்டும். அக்கா மாடியில் நின்று அணைக்கச் சொல்லிக் கத்துவாள். கன்னடத்தில் அவள் முதலில் கற்றுக்கொண்டது "ஆஃப் மாடி சார்". தெலுங்குக்காரர்களுக்கு "ஆபண்டி". வடக்கேயிருந்து வரும் டிரைவர்களுக்கு "பந்த் கரோ பையா". நம் ஆட்களுக்குத் தமிழில், கூட நாலு வார்த்தை சேர்த்து. எவனும் அணைத்ததில்லை. சிலர் அண்ணாந்து பார்த்துச் சிரித்துக் கும்பிடு போடுவார்கள். பக்கத்து வீட்டுக்காரிகள் அவளை "டிராஃபிக் போலீஸு" என்று கேலி செய்தார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

அந்த வீட்டில் வெள்ளையான எதுவும் வெள்ளையாக இருந்ததில்லை. காயப்போட்ட வேட்டி சாயங்காலம் சாம்பலாகத் திரும்பும். வடகம் பிழிந்தால் காக்காவிடமிருந்து காப்பாற்றலாம், கரியிடமிருந்து முடியாது. காலையில் துடைத்த ஜன்னல் கம்பியை மத்தியானம் விரலால் தொட்டால் மை ஒட்டும். மண் தூசியென்றால் தட்டினால் போய்விடும். இது பிசுக்கு, துணியில் ஏறினால் இறங்காது. அக்கா நாளெல்லாம் துடைத்தாள். நான் போனால் தங்கச்சியோடு உட்கார்ந்து பேச மாட்டாள், கையில் ஈரத்துணியோடு பேசிக்கொண்டே துடைப்பாள். "வுடுக்கா, எவன் வந்து பாக்கப் போறான்" என்றால், "நான் பாக்கறனில்ல" என்பாள்.

இருமல் எப்போது வந்தது என்று அவளுக்கே தெரியாது. முதலில் பனிக்கு என்றார்கள். ஓசூர் குளிர் அப்படித்தான் என்றார்கள். பிறகு வெயில் காலத்திலும் நிற்கவில்லை. மாடிப்படியில் பாதியில் நிற்க ஆரம்பித்தாள். பேசும்போது வாக்கியத்தை நடுவில் விட்டுவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி பிடிப்பாள். ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். நான் ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸில் இருக்கிறேன், ஷிப்ட் மாற்றிக்கொண்டால் பகலில் நேரம் கிடைக்கும். முதல் டாக்டர் எக்ஸ்ரேவைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "வீட்டுக்காரர் பீடி பிடிப்பாரா?" என்றார். இல்லை என்றாள். "விறகு அடுப்பா?" கேஸ் அடுப்பு என்றாள். "மூக்குப்பொடி, புகையிலை?" அவளுக்கு அழுகை வந்துவிட்டது. நாங்கள் எதையோ மறைக்கிறோம் என்பதுபோல அவர் எழுதிக்கொண்டிருந்தார். வீடு எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்கவில்லை.

இன்ஹேலர் கொடுத்தார்கள். அதற்கும் ஒரு பேச்சு. அதை இழுக்கப் பழகிவிட்டால் சாகும்வரை விடாதாம், மருந்தில்லை போதையாம். மாமா வீட்டுச் சொந்தக்காரர்கள் பஞ்சாயத்து வைக்காத குறை. அக்கா அதைப் புடவைகளுக்கு நடுவில் ஒளித்து வைத்து, பாத்ரூமில் போய் இழுத்துவிட்டு வருவாள். கல்யாணம் காட்சி என்று போனால் எடுத்துக்கொண்டே போக மாட்டாள். தெருவையே இருட்டாக்கிக்கொண்டு புகைவிடுகிற லாரிக்குக் கூச்சமில்லை, அதைக் குடித்துவிட்டு இழுக்கிறவளுக்குக் கூச்சம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எங்கள் கம்பெனியில் வருடா வருடம் சுற்றுச்சூழல் தினம் கொண்டாடுவார்கள். பச்சைத் தொப்பி கொடுத்து, செடி நடவைத்து, உறுதிமொழி சொல்ல வைத்து, போட்டோ எடுப்பார்கள். கரெண்ட் போய்விட்டால் மைக்குக்கு ஜெனரேட்டர் ஓடும். அக்காவுக்கு மூச்சு முட்டிய அந்த வருடம் நான் தொப்பி போட மாட்டேன் என்றேன். சூப்பர்வைசர் தலைவலியா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

வீடு எங்கே என்று கேட்ட டாக்டர் பிறகுதான் வந்தார். சின்ன வயசுப் பெண், கிருஷ்ணகிரியில். அக்கா ஜூஜுவாடி என்றதும், "உள்ளயா, ரோட்டு மேலயா?" என்றார். பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பேசினார். முப்பது வருடம் பீடி பிடித்த ஆளுடைய நுரையீரல் எப்படி இருக்குமோ அப்படி இருக்கிறது, சுருங்கிப்போன குழாய்கள் இனி விரியாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றார். "மருந்து நான் தர்றேன். ஆனா அந்த வீட்ல இருந்துக்கிட்டே எடுத்தா பிரயோஜனமில்ல. வீட்ட மாத்துங்க" என்றார்.

அன்றைக்கே மாமாவிடம் சொன்னேன். அவர் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "வூட்ட மாத்தறதுக்கு அது என்னா ஆயிலா பாப்பா?" என்றார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, "பட்டற இங்கதான ஓடும். ரோட்ட வுட்டு உள்ள போயி நான் என்னாத்த செய்யறது, சொல்லு. அவள வுட்டுட்டு நான் எங்க சோறு தின்றது?" என்றார். அவர் கெட்டவரில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் கடுப்பு. கெட்டவராக இருந்தால் நாலு பேரைக் கூட்டி நியாயம் கேட்டிருப்பேன்.

அப்படியானால் அக்கா மட்டுமாவது எங்கேயாவது போய் இருக்கட்டும் என்றேன். எங்கே போவது? அவளுக்கு ஒரே மகள், பெங்களூரில் கட்டிக்கொடுத்திருக்கிறது. மகள் வீட்டில் போய் உட்கார்ந்து சாப்பிட்டால் மானம் போய்விடும். என் வீட்டுக்கு வா என்றேன். தங்கச்சி புருஷன் நடமாடுகிற வீட்டில் எப்படி இருப்பது என்றாள். இருந்தாலும் என்ன ஆகியிருக்கும், என் வீட்டுக்குப் பின்சுவருக்கு அந்தப் பக்கம் ஃபவுண்டரி, உலைக்கு ஆயில் எரிக்கிறார்கள், எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு வருடம் முழுக்கச் சளி. மிச்சமிருந்தது கல்லாவி. அங்கே அண்ணன் இருந்தார். அண்ணன் வீடென்றால் பிறந்த வீடு, போகலாம். ஆனால் எத்தனை நாளைக்குப் போகலாம் என்பதற்கு எங்கள் சனத்தில் ஒரு கணக்கு உண்டு. யாரும் சொல்வதில்லை, எல்லோருக்கும் தெரியும். அதை நான் அப்போது யோசிக்கவில்லை. மூச்சு விட முடியாதவளுக்கு அதெல்லாம் பார்ப்பார்களா என்று நினைத்துவிட்டேன்.

கூட்டிக்கொண்டு போன அன்று சானமாவு காட்டுப் பக்கம் பஸ் நின்றது. யானைக் கூட்டம் ரோட்டைக் கடக்கிறது என்று வனத்துறை ஆட்கள் இரண்டு பக்கமும் மறித்து நின்றார்கள். ஹாரன் அடிக்காதே, இன்ஜினை அணை என்று ஒவ்வொரு வண்டியாக வந்து சொன்னார்கள். டிரைவர் அணைத்தார். முன்னால் நின்ற டேங்கர் லாரிக்காரன் அணைத்தான். பின்னால் வரிசையாக எல்லோரும் அணைத்தார்கள். அந்த ஹைவேயில் அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதே இல்லை, அணில் கத்துவது கேட்டது. ஒரு சொல் சொன்னால் அணைக்க முடியும், அணைக்கத் தெரியும் இவர்களுக்கு. அக்கா ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்துக்கொண்டு, "யானைன்னா பயம்டி" என்றாள். யானைகளை நாங்கள் பார்க்கவில்லை, முன்னாலேயே எங்கோ கடந்து போய்விட்டன. அவை நன்றாக இருக்கட்டும், எனக்கு அவற்றின் மேல் ஒரு வருத்தமும் இல்லை. மனுசிக்கு அந்த மரியாதை கிடைக்க என்ன செய்ய வேண்டும் என்றுதான் புரியவில்லை.

கல்லாவி ஒன்றும் சொர்க்கமில்லை. எனக்கு அந்த ஊரைப் பிடிக்காது. வெயில் மண்டையைப் பிளக்கும், தண்ணீரில் உப்பு, ஒருத்தி வீட்டில் தாளித்தால் இன்னொருத்தி என்ன குழம்பு என்று கேட்பாள். ஆனால் காற்று சும்மா காற்றாக இருந்தது. முதல் வாரம் அக்கா இருமிக்கொண்டேதான் இருந்தாள். பிறகு ஒரு நாள் போனில் பேசும்போது நடுவில் நிற்காமல் பேசினாள். நான் கவனித்தேன், சொல்லவில்லை, சொன்னால் கண்பட்டுவிடும் என்று பயம். அடுத்த ஞாயிறு நேரில் போனேன். மிளகாய் காயப்போட்டதில் பக்கத்து வீட்டு ஆடு வாய் வைத்துவிட்டது என்று, ஆட்டுக்காரியை அக்கா வேலியோரம் நின்று ஏசிக்கொண்டிருந்தாள். ஆட்டில் ஆரம்பித்து அவள் மாமியார் வரைக்கும் ஒரே மூச்சில் போனாள். எங்கேயும் நிற்கவில்லை. ஆட்டுக்காரி பதிலுக்கு வாயைத் திறக்க இடமே கிடைக்கவில்லை. நான் ரோட்டில் பையோடு நின்று கேட்டுக்கொண்டே இருந்தேன். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அந்த ஆட்டுக்காரிதான் பேச்சை ஆரம்பித்து வைத்தாள் என்று அண்ணி சொன்னார். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், எப்படியும் யாராவது ஆரம்பித்திருப்பார்கள். "எத்தினி நாளா இங்கியே இருக்குது அந்தம்மா? புருசன் வூட்டோட என்னா தகராறு?" உடம்பு சரியில்லை என்று அண்ணி சொன்னார். "ஆடு மேஞ்சதுக்கு அம்மாம் பெரிய சண்ட போடுது, ஒடம்புக்கு என்னா?" என்று திரும்பி வந்தது. குணமானதே குற்றமாகிவிட்டது. படுத்த படுக்கையாகக் கிடந்திருந்தால் நம்பியிருப்பார்கள்.

அண்ணன் மகளுக்கு அப்போது வரன் பேசிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஊத்தங்கரைக்காரர்கள். வந்து பார்த்து, பூ வைக்கிற மட்டுக்கும் பேசிவிட்டு, போகும்போது வாசலில் நின்று, "பொண்ணோட அத்த வாழாம வந்துட்டாங்கன்னு ஊர்ல பேசிக்கறாங்களே, உண்மைங்களா?" என்று அண்ணனிடம் கேட்டிருக்கிறார்கள். அண்ணன் அன்று சாயங்காலம் எனக்குப் போன் செய்தார்.

"அக்காவக் கொண்டு போயி வுட்ரலாம்னு இருக்கறேம்மா."

"வுட்டா செத்துப்போயிரும்ண்ணா. டாக்டரம்மா சொன்னத உங்கிட்ட அன்னைக்கே சொன்னனில்ல."

"கேட்டேன். அத நான் அவங்ககிட்ட எப்பிடிச் சொல்றது? காத்து ஒத்துக்கலன்னு வந்துருக்குதுன்னு சொல்லிப் பாத்தேன். சிரிக்கறாங்க."

"சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க. அந்தச் சம்மந்தம் போனா இன்னொண்ணு."

"உம் பொண்ணா இருந்தா இப்பிடிச் சொல்லுவியா?"

எனக்குப் பெண் பிள்ளை இல்லை, இரண்டும் பையன்கள். அதனால்தான் அதைக் கேட்டார். நான் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டேன். அப்பா ரோட்டுக்கு விற்றார், நீ ஊர் வாய்க்கு விற்கிறாய் என்றுகூடச் சொன்னேன். அவர் போனை வைக்கவில்லை, கேட்டுக்கொண்டே இருந்தார். அவருக்கும் வழி தெரியவில்லை. நெஞ்சில் கட்டி, இதயத்தில் ஓட்டை, ஆபரேஷன் என்றால் எங்கள் சனத்துக்குப் புரியும், பிறந்த வீட்டில் ஒரு வருடம் கிடந்தாலும் ஹார்லிக்ஸ் வாங்கிக்கொண்டு பார்க்க வருவார்கள். காற்றுக்காக ஒருத்தி புருஷனை விட்டு வந்திருக்கிறாள் என்பது யாருக்கும் புரியவில்லை. காற்று எல்லா ஊரிலும் இருக்கிறதுதானே என்றார்கள்.

அக்காவே முடித்துவைத்தாள். "அந்தப் பொண்ணு கல்யாணம் என்னால நின்னுச்சுன்னு நாளைக்கு ஒரு பேச்சு வரக் கூடாதுடி" என்றாள். சண்டை போட்டு அனுப்பவில்லை என்று ஊருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக அண்ணன் தடபுடல் செய்தார். புதுப் பெண்ணை அனுப்புகிற மாதிரி புடவை, வாழைத்தார், முறுக்கு, கூடை நிறைய மாம்பழம் என்று தாம்பாளத் தட்டுகளில் வைத்து, தெருவே பார்க்கும்படி நடுவாசலில் வைத்து எடுத்துக் கொடுத்தார். மாமா கார் வைத்துக்கொண்டு அழைத்துப்போக வந்தார். ஆள் பாதியாகியிருந்தார், ஹோட்டல் சோறு. அக்காவைப் பார்த்ததும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவள் நடந்து வருவதைப் பார்த்துவிட்டு, "பாத்தியா பாப்பா, நல்லாயிட்டா. இனிமே ஒண்ணுமில்ல" என்றார் என்னிடம். காரில் ஏசி போட்டு, கண்ணாடியை ஏற்றிக் கூட்டிப்போனார்.

மழை ஓய்ந்து பனி இறங்கியதும் மறுபடி ஆரம்பித்தது. பனிக்காலத்தில் புகை மேலே ஏறாது, தெருவிலேயே உட்கார்ந்துகொள்ளும். இந்த முறை இருமலோடு நிற்கவில்லை. உதடு நீலமாகிவிட்டது என்று மாமா போன் செய்தார், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே கிடந்து எழுந்து வந்தாள். ஆனால் இனி வீட்டிலும் ஆக்சிஜன் வைக்க வேண்டும், நாளில் பெரும்பகுதி மூக்கில் குழாய் இருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். சிலிண்டர் இல்லை, மெஷின். கட்டில் பக்கத்தில் சின்ன பிரிட்ஜ் மாதிரி நிற்கும், கரெண்டில் ஓடும். அது ஆக்சிஜனை எங்கிருந்தும் கொண்டு வருவதில்லை. அறையில் இருக்கிற காற்றையே இழுத்துப் பிரித்துத் தருகிறது. அதன் முதுகில் ஒரு பஞ்சு உண்டு, தூசி வடிகட்ட. அதை நான் போகும்போதெல்லாம் கழற்றிக் கழுவுவேன். கழுவுகிற தண்ணீர் கறுப்பாகத்தான் போகும்.

மாமா அவளுக்காக எதுவும் செய்வார். ரோட்டுப் பக்கம் இருந்த ஜன்னல்களையெல்லாம் பலகை வைத்து அடித்து, சந்துபொந்துகளில் டேப் ஒட்டினார். கட்டிலைப் பின்னறைக்கு மாற்றினார். பின்பக்கச் சந்து ஓரத்து ஜன்னல் ஒன்று மட்டும் திறந்திருந்தது, அந்த வீட்டில் காற்று வர இருந்த ஒரே வழி அதுதான். ரோட்டில் புதுப் பாலம் கட்டுகிறோம் என்று தோண்டும்போதெல்லாம் கரெண்ட் போனது. போனால் மெஷின் கூவும், அக்கா பயந்து எழுந்து உட்காருவாள். யூ.பி.எஸ். வாங்கி வைப்போம் மாமா என்றேன். பேட்டரியை நம்ப முடியாது என்றார். வாழ்க்கை முழுக்க டீசலில் கை வைத்தவர், எது கைவிடாது என்று அவருக்குத் தெரியுமாம். பழைய ஜெனரேட்டர் ஒன்றை எங்கிருந்தோ தேடிப் பிடித்துக் கொண்டுவந்தார். பட்டறை வேலையை நிறுத்திவிட்டு, சோறு தண்ணியில்லாமல் அதைப் பிரித்துப் போட்டு, பம்ப்பைத் தன் கையாலேயே சரி செய்து, வர்ணம்கூட அடித்தார். முன்னால் வைக்க இடமில்லை. பின்சந்தில் வைத்தார்.

போன மாதம் ஒரு மத்தியானம் நான் அக்காவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். கரெண்ட் போனது. மெஷின் ஒரு தடவை கூவுவதற்குள் கீழே மாமா ஓடுகிற சத்தம் கேட்டது. ஜெனரேட்டர் பிடித்துக்கொண்டது, தரை அதிர்ந்தது, மெஷின் மறுபடி மூச்சு விட ஆரம்பித்தது. அக்கா சாய்ந்து படுத்தாள். கொஞ்ச நேரத்தில் ஜன்னல் வழியாகச் சூடாக ஒரு வாடை வந்தது. எட்டிப் பார்த்தேன். புகைக்குழாய் ஜன்னலுக்கு நேர் கீழே, மேலே பார்த்துக்கொண்டு நின்றது. கண்ணுக்குப் புகை ஒன்றும் தெரியவில்லை, பம்ப்பை அவ்வளவு சுத்தமாகச் செய்திருந்தார். வாடை மட்டும் அறையில் நிறைந்துகொண்டே வந்தது. மெஷின் அதை இழுத்துக்கொண்டிருந்தது.

ஜன்னலைச் சாத்த எழுந்தேன். அக்கா என் கையைப் பிடித்தாள்.

"சாத்தாத. சாத்துனா... ஏன் சாத்துனன்னு கேப்பாரு."

"கேக்கட்டும்க்கா. சொல்லித் தொலைக்கறேன். கண்ணு இருக்குதா இல்லையா அந்த மனுசனுக்கு?"

"வேணாம் கண்ணு." குழாயை மூக்கில் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். "எனக்குன்னு... ஆசயா செஞ்சுருக்காரு. இதுவும் தப்புன்னா... தாங்க மாட்டாரு."

நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கீழே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அவர் வேறு எங்கே வைப்பார், முன்னால் ரோடு, பின்னால் இந்தச் சந்து. கரெண்ட் வரும்வரை அப்படியே நின்றேன். வந்ததும் சத்தம் அடங்கியது. மாமா கையைத் துடைத்துக்கொண்டே மாடியேறி வந்து கதவோரம் நின்றார்.

"பாத்தியா பாப்பா, மெஷினு நிக்கவே இல்ல" என்றார். பிறகு அக்காவைப் பார்த்து, "இப்ப மூச்சு நல்லா வருதா?" என்று கேட்டார்.

"வருதுங்க" என்றாள். அந்த ஒரு சொல்லைச் சொல்லி முடிக்க அவள் நடுவில் ஒரு தடவை நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது.